பதின்மூவர் றக்பியும் சிற்றூர்க் கழகங்களும்

விளையாட்டின் வரலாறு வென்றோர் தோற்றோர் பெயர்ப் பட்டியல் மட்டுமன்று. ஒரு நாட்டு மக்கள் தம்முள் எவரை எவ்வாறு மதித்தனர் என்பதும் அதனுள் அடங்கியிருக்கும். அந்நோக்குடன் ஆராயத்தக்க விளையாட்டுகளுள் ஒன்று, இங்கிலாந்தின் வடபகுதியில் வழங்கும் 'றக்பி லீக்' என்பது. அதனுள்ளும், முதற்பிரிவிற் புகழ்பெற்ற பெருங்கழகங்களைக் காட்டிலும், கீழ்ப்பிரிவுகளில் நின்று போராடும் சிற்றூர்க் கழகங்களின் கதையே நாம் சிந்தித்தற்குரியது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருகோணமலைத் துறைமுகத்தை அறிந்தோர்க்கு றக்பி என்னும் பெயர் புதியதன்று. பிரித்தானியக் கடற்படையினர் 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும்வரை, அவர்தம் பொழுதுபோக்குகளுள் இதுவும் ஒன்றாயிருந்தது. கொழும்பிலும் கண்டியிலும் ஆங்கிலேயர் வளர்த்த இவ்வாட்டத்துக்கு 1908இல் ஒரு சங்கம் அமைந்தது. 1922இல் இலங்கையர்க்கென்றே ஒரு றக்பிக் கழகம் கொழும்பிலே தோன்றியது. கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் பிரட்பி கேடயத்துக்காக 1945 முதல் பொருதி வருவதைப் பலரும் அறிவர். 'றகர்' என நம்மவர் சொல்லுவதும் இதனையே. ஆயின் இஃது ஓர் அணிக்குப் பதினைவர் ஆடும் 'றக்பி யூனியன்' ஆகும். றக்பி லீக் பதின்மூவர் ஆடும் வேறோர் ஆட்டம். கப்பல் கட்டும் பரோ நகரத்து இளைஞனோ, ஹல் துறைமுகத் தொழிலாளியின் மகனோ கடற்படையிற் சேர்ந்து இங்கு வந்திருப்பினும், தன் ஊர் ஆட்டத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் பதினைவர் ஆட்டத்தையே ஆடவேண்டியிருந்தது. பிரித்தானியப் படைகள் பதின்மூவர் ஆட்டத்தைத் தம் விளையாட்டுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது 1994ஆம் ஆண்டிலேதான். இவ்விலக்கு ஏன் வந்தது என்பதை அறிந்தால் மற்றவை தாமே விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், யோர்க்ஷயர், லங்காஷயர் ஆகிய பகுதிகளில் றக்பி ஆடியவருட் பெரும்பாலோர் நெசவாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் துறைமுகங்களிலும் உழைத்தவர். அக்காலத்தில் சனிக்கிழமை முற்பகலும் அவர்க்கு வேலை நேரமே. வெளியூர் சென்று ஆடுவதாயின் அன்றைய கூலியை இழத்தல் வேண்டும். தென்னாட்டுச் செல்வர் மக்களுக்கு இக்கவலை இல்லை. இழந்த கூலியை மட்டும் ஈடுசெய்ய அனுமதிக்குமாறு யோர்க்ஷயர்ச் சங்கத்தார் 1893இல் இலண்டனிலே கூடிய பொதுக்கூட்டத்திற் கேட்டனர். அவர்க்குச் சார்பாக 136 வாக்குகளும் எதிராக 282 வாக்குகளும் விழுந்தன. 'பணம் பெற்று ஆடுதல் விளையாட்டுக்கு இழுக்கு' என்பது மறுத்தோர் கொள்கை. பசியறியாதவர்க்கு அக்கொள்கை எளிது. 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள், ஹடர்ஸ்பீல்ட் நகரத்து ஜோர்ஜ் விடுதியில் வடபகுதிக் கழகங்களின் பிரதிநிதிகள் கூடித் தனியொன்றியம் அமைத்தனர். நாளொன்றுக்கு 6 ஷிலிங்குக்கு மேற்படாது கூலியிழப்புப் பணம் கொடுக்கலாம் என்பது அவர்தம் விதி.

1898இல் வெளிப்படையாக ஊதியம் கொடுக்கவும் இசைந்தனர். ஆனால் ஆட்டக்காரன் வேறொரு முறையான தொழிலிலும் இருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டனர். அக்கட்டளை 1905இல் நீங்கியது. ஆயினும் கீழ்ப்பிரிவுகளில் அதன் உள்ளடக்கம் இன்றும் வாழ்கின்றது என்பதைப் பின்னர்க் காண்போம். மறுபுறத்தில், பதின்மூவர் ஆட்டத்தில் ஒருமுறை காலடி வைத்தவனைப் பதினைவர் சங்கம் வாழ்நாள் முழுதும் விலக்கி வைத்தது. உலகப் போர்க்காலத்தில் மட்டும் இத்தடை தளர்ந்தது. 1943இலும் 1944இலும் படைவீரருள் லீக் ஆட்டக்காரரும் யூனியன் ஆட்டக்காரரும் இரு அணிகளாய், யூனியன் விதிகளின்படியே பொருதினர். இருமுறையும் லீக் அணியே வென்றது. பணம் பெறுதல் இழுக்கென்ற அதே யூனியன் ஆட்டம் 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், சரியாக நூறாண்டு கழித்து, ஊதியத்தை ஏற்றுக்கொண்டது.

ஆட்ட முறையைச் சுருங்கச் சொல்லுவோம். நம் சடுகுடுவை அறிந்தவர்க்கு இது கடினமன்று. பந்தை ஏந்தி ஓடுபவனை எதிரணியினர் மடக்கி வீழ்த்துவர். வீழ்ந்தவன் எழுந்து பந்தை நிலத்தில் வைத்துக் காலாற் பின்னே உருட்ட, அவன் அணியினர் மீண்டும் முன்னேறுவர். இவ்வாறு ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கப்பால் நிலத்தில் ஊன்றினால் 4 புள்ளி, அதன்பின் கோலுக்கு உதைத்தால் 2 புள்ளி. பந்தை முன்னோக்கிக் கையால் எறிதல் குற்றம். 1906இல் இருவரைக் குறைத்துப் பதின்மூவராக்கியதன் நோக்கம், குவிந்து நின்று தள்ளுவதைக் குறைத்து ஓட்டத்தைப் பெருக்குவதே. நுழைவுச்சீட்டு வாங்கி வரும் தொழிலாளி, உருண்டு புரளும் ஆட்களையன்று, ஓடும் பந்தையே காண விரும்பினான்.

இனிப் பிரிவுகளைப் பார்ப்போம். 1902இல் முப்பத்தாறு கழகங்களைப் பதினெட்டுப் பதினெட்டாக இரு பிரிவுகளாக்கினர். மூன்றாண்டுக்குள் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1962இல் மீண்டும் தொடங்கி ஈராண்டில் நிறுத்தினர். காரணம் இரு முறையும் ஒன்றே. அடுத்த ஊர்ப் பெருங்கழகம் வந்து ஆடினாலன்றிச் சிறு கழகத்தின் மைதானம் நிரம்பாது. கீழ்ப்பிரிவிற் சேர்ந்ததும் அவ்வருமானம் அற்றுப்போகும். 1973இலேதான் பிரிவுமுறை நிலைத்தது. 1996 முதல் உச்சியில் 'சுப்பர் லீக்'கும், 2003 முதல் அதன்கீழ் இரு படிகளுமாக அமைந்தன. 2026ஆம் ஆண்டுப் பருவத்துக்குச் சுப்பர் லீக்கைப் பதினான்கு கழகங்களாக விரித்து, கீழ்ப்படிகள் இரண்டையும் ஒன்றாக்கினர்.

கீழ்ப்பிரிவில் ஆடுபவன் பகலில் தச்சனாகவோ, மின்தொழிலாளியாகவோ, ஆசிரியனாகவோ இருப்பான். வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளிற் பயிற்சி, பெரும்பாலும் ஞாயிறு பிற்பகலில் ஆட்டம், திங்கள் காலை மீண்டும் வேலை. கழகம் கொடுக்கும் பணம் குடும்ப வருவாய்க்கு ஒரு துணையேயன்றி முழு வாழ்வன்று. நுழைவுச்சீட்டு விற்பவரும், தேநீர் ஊற்றுபவரும், புல்வெட்டுபவரும் ஊதியமின்றி உழைக்கும் ஊரவரே.

அவ்வூர்களுட் சிலவற்றைப் பெயர் சொல்லிக் காட்டுதல் தகும். பட்லி என்பது கந்தைத் துணியை மீண்டும் நூலாக்கி நெய்து பிழைத்த ஊர். றக்பி லீக்கின் 'சலஞ்ச்' கிண்ணத்தை 1897இல் முதன்முதல் வென்றது அவ்வூர்க் கழகமே. 1898, 1901 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. அதன்பின் அக்கிண்ணம் அங்குச் சென்றதில்லை. சரிந்து கிடக்கும் அதன் மைதானம் மட்டும் வருவோரை இன்றும் திகைக்க வைக்கின்றது. வேர்க்கிங்டன் என்பது மேற்குக் கரையில் நிலக்கரியாலும் உருக்காலும் வாழ்ந்த துறைமுகம். 1945இல் லீக்கிற் சேர்ந்த அவ்வூர்க் கழகம் 1951இல் நாட்டு வாகையையும் 1952இல் கிண்ணத்தையும் வென்றது. அணித்தலைவர் கஸ் ரிஸ்மனுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. பெதர்ஸ்டன் என்பதோ சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த சிற்றூர். 'சுரங்க வாயிலில் நின்று கூவினால் ஓர் ஆட்டக்காரன் மேலே வருவான்' என்று இத்தகைய ஊர்களைப் பற்றி வடநாட்டார் வேடிக்கையாகச் சொல்லுவர். அவ்வூர்க் கழகம் 1967, 1973, 1983 ஆகிய ஆண்டுகளில் கிண்ணம் வென்றது. 1983இல் ஹல் அணியை 14-12 என வீழ்த்தியது இன்றும் பேசப்படுகின்றது. ஈராண்டு கழித்து அவ்வூர்ச் சுரங்கம் மூடப்பட்டது. தொழில் போன பின்பும் கழகத்தை விடாது பற்றிக்கொண்டனர் ஊரவர்.

பெருநகரென்றால் மட்டும் பாதுகாப்பு உண்டு என எண்ணற்க. பிராட்போர்ட் நகரத்து ஒட்சல் மைதானத்தில், 1954இல் வேறிரு கழகங்கள் ஆடிய இறுதியாட்டத்தைக் காணத் திரண்டோர் தொகை 102,569 எனப் பதிவாகியுள்ளது. ஒன்பதாண்டு கழித்து, 1963ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அதே மைதானத்தில், இரண்டாம் பிரிவிலிருந்த பிராட்போர்ட் கழகம் பரோவுடன் ஆடியபோது வந்தவர் 324 பேர். அடுத்த மாதமே கழகம் கலைந்தது. மறுவருடம் ஊரவர் அதனை மீண்டும் நிறுவினர். பிற்காலத்தில் நான்கு முறை சுப்பர் லீக் வாகை சூடிய அக்கழகம், 2017இற் கடனால் மீண்டும் கலைந்து, புதிதாய்க் கீழ்ப்பிரிவிலிருந்து தொடங்கியது.

இவையெல்லாம் காலத்தின் ஏற்றத்தாழ்வு எனலாம். ஆனால் ஆடுகளத்தில் வென்றும் உயர இயலாமற்போன வரலாறு வேறு. 1995இல் தொலைக்காட்சி நிறுவனமொன்று பெருந்தொகை தர முன்வந்தது. அது 8 கோடியே 70 இலட்சம் பவுண். அதற்கீடாகச் சுப்பர் லீக் என்னும் புதிய உச்சிப்பிரிவை அமைக்க இசைந்த தலைமைச் சங்கத்தார், அயலூர்க் கழகங்களை ஒன்றாய் இணைக்கவும் திட்டமிட்டனர். பெதர்ஸ்டன், காசில்போர்ட், வேக்பீல்ட் மூன்றும் ஒரே கழகமாதல் வேண்டும் என்றனர். தலைமுறை தலைமுறையாக எதிர்நின்ற மூன்று ஊர்கள் ஒரு சட்டை அணிவதோ என மக்கள் கொதித்தெழ, இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் அவ்வாண்டில் இரண்டாம் பிரிவை வென்ற கீத்லி கழகத்துக்கு உச்சிப்பிரிவின் கதவு திறக்கவில்லை. இரண்டாவதாய் வந்த பட்லிக்கும் அதே கதி. விதி, பருவத்தின் நடுவே மாறிவிட்டது.

அண்மையில் இது வேறு வடிவு கொண்டது. 2022இல் ஐ.எம்.ஜி. என்னும் நிறுவனத்தின் ஆலோசனையுடன் தரப்புள்ளி முறை வகுக்கப்பட்டது. மொத்தம் 20 புள்ளி. அவற்றுள் ஆட்டத் திறமைக்கு 5, ஆதரவாளர் பெருக்கத்துக்கு 5, நிதிநிலைக்கு 4½, மைதானத்துக்கு 3, ஊர்த் தொடர்புக்கு 2½. எனவே ஆட்டத்தில் வெல்லுதல் காற்பங்கு மட்டுமே. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில் துலூசை வென்று இலண்டன் கழகம் உச்சிப்பிரிவுக்கு உயர்ந்தது. அதே மாதம் வெளியான மாதிரித் தரப்பட்டியலில் அக்கழகத்துக்குக் கிடைத்த இடம் 24. ஆகவே 2024இல் எப்படி ஆடினும் அடுத்த ஆண்டு கீழிறங்குவது ஏறத்தாழ உறுதியென அறிந்துகொண்டே அவர்கள் அப்பருவத்தை ஆடினர். அவ்வாறே முடிந்தது. வேக்பீல்ட் அவ்விடத்தைப் பெற்றது. 2026இல் பிராட்போர்ட் உச்சிப்பிரிவுக்கு மீண்டதும் இப்புள்ளி முறையினாலேயே.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து 2017இல் மூன்றாம் பிரிவிற் சேர்ந்த கழகம் ஒரு செல்வரின் பணத்தால் மளமளவென உயர்ந்து, 2020இல் உச்சிப்பிரிவை அடைந்தது. அவ்வாண்டிலேயே பெருந்தொற்றுக் காலத்தில் பணமின்றி இடைநடுவில் விலகிற்று. வெற்றியை மட்டும் நோக்கிக் கடன் வாங்கி ஆட்டக்காரரைச் சேர்க்கும் கழகம் தானும் கெட்டு, நம்பினோரையும் கெடுக்கும். நிதிநிலையையும் மைதானத்தின் பாதுகாப்பையும் ஆராய்தல் தவறன்று. ஆயின் குறைந்தபட்சத் தகுதியொன்றை வகுத்து, அதனை எட்டியோருள் வென்றவனை உயர்த்துதல் ஒரு முறை. வெற்றியையே பல புள்ளிகளுள் ஒன்றாகச் சுருக்குதல் மற்றொரு முறை. பரீட்சையில் முதல்வனாகத் தேறிய மாணவனிடம், 'உன் வீட்டில் விளக்குப் போதாது, அயலார் உன்னை அதிகம் அறியார், ஆதலால் மேல்வகுப்பு உனக்கில்லை' என்று கூறினால் நாம் ஒப்புவோமா? விளக்கில்லையேல் விளக்குக் கொடுப்பதன்றோ முறை?

நம் நாட்டிலும் கூலியிழப்பு என்னும் அப்பழைய வினா இருந்தே வருகின்றது. இலங்கை றக்பியின் முதற்பிரிவில் கடற்படை, தரைப்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள் ஆடுகின்றன. வறிய வீட்டு இளைஞனுக்கு நிலையான உத்தியோகமும் ஆட்டமும் ஒருங்கே கிடைக்க அவை வழி செய்கின்றன. ஆறு ஷிலிங்குக்கு நாம் கண்ட மாற்று அதுவென்னலாம். ஆனால் படையிற் சேராதவன், மீன்பிடித்தும் கூலிசெய்தும் வாழ்பவன், தன் ஊர்க் கழகத்துக்கு ஆடச் சென்றால் இழக்கும் நாட்கூலியை எவர் ஈடுசெய்வர்? திருகோணமலையில் உதைபந்தாடும் இளைஞர் பலரின் நிலையும் இதுவே. திறமை குறைந்து ஆட்டத்தைக் கைவிடுவோர் சிலர். நாட்கூலியை இழக்க இயலாமற் கைவிடுவோரே பலர்.

பழைய மாணவர்களாகிய அன்பர்கள் தம் கல்லூரிக்கு மண்டபமும் மதிலும் அமைத்தல் போற்றற்குரியது. அதனுடன், வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும் ஏழை மாணவனின் பயணச் செலவுக்கும், அவன் குடும்பம் இழக்கும் ஒருநாள் வருவாய்க்கும் ஒரு சிறு நிதியை ஒதுக்குவார்களாயின், ஹடர்ஸ்பீல்டிற் கூடியோர் செய்த செயலை நம் துறைமுக நகரிலே செய்தவராவர். கழகங்களை நிலைநிறுத்தியது தொலைக்காட்சிப் பணமன்று, கைவிடாத ஊரே என்பதற்குப் பெதர்ஸ்டனும் பட்லியும் சான்று. ஊர் கைகொடுத்தால் ஏணியில் ஏறுவோர் என்றும் உளர். அவ்வேணியை எடுத்துவிடாதிருத்தலே பெரியோர் கடன் என்பது என் துணிபு.