காக்ளியர் இம்ப்ளான்ட்: வேண்டாம்னு சொன்ன குடும்பம்

ஒரு ஆபரேஷன் பண்ணா குழந்தைக்குக் காது கேட்கும்னு டாக்டர் சொன்னா, எந்த அப்பா அம்மா வேண்டாம்னு சொல்வாங்க? 2000-ல வந்த 'சவுண்ட் அண்ட் ஃப்யூரி' ஆவணப்படத்தில் ஒரு அமெரிக்கக் குடும்பம் சொல்லுது. ஏன்னு புரியணும்னா முதல்ல அந்தக் கருவியைப் பார்த்துடலாம்.

ஹியரிங் எய்ட் சத்தத்தைப் பெருசாக்கும், அவ்வளவுதான். காக்ளியர் இம்ப்ளான்ட் வேற. காதுக்குப் பின்னால மாட்டுற பிராசஸர், மைக்கில் வர்ற ஒலியைப் பல ஃப்ரீக்வன்சி பேண்டுகளாகப் பிரிக்கும் (நம்ம டிஎஸ்பி பேப்பர்ல படிச்ச அதே ஃபில்டர் வேலைதான்). அது காயில் வழியா தோலுக்கு அடியில் பதித்த ரிசீவருக்குப் போகும். அங்கிருந்து காக்ளியாவுக்குள் இருக்கும் எலக்ட்ரோடுகள் செவி நரம்பை நேரடியா தூண்டும்.

இயல்பான காதில் இதுக்கு சுமார் 3,500 உள் மயிர் செல்கள் இருக்கு. இம்ப்ளான்ட்ல 12 முதல் 22 எலக்ட்ரோடுதான். அதனால மூக்குக்கண்ணாடி போட்ட உடனே தெளிவா தெரியற மாதிரி இல்ல. அந்த சிக்னலைப் பேச்சாகப் புரிஞ்சுக்க மூளை பழகணும், அதுக்குப் பல வருஷப் பயிற்சி வேணும். சின்ன வயசிலேயே வைத்தால்தான் பலன் அதிகம். சிக்கலே இங்கதான். குழந்தை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும்னு காத்திருக்க முடியாது.

படத்தில் வர்ற ஆர்டினியன் சகோதரர்களில் கிறிஸுக்குக் காது கேட்கும். காது கேட்காத தன் குழந்தைக்கு அவர் இம்ப்ளான்ட் வைக்கிறார். பீட்டருக்கும் மனைவி நீட்டாவுக்கும் காது கேட்காது. அவங்க மகள் ஹெதர் சின்னப் பொண்ணு, தானாகவே இம்ப்ளான்ட் கேட்கிறாள். பெற்றோர் விசாரிச்சுப் பார்த்துட்டு மறுக்கிறாங்க. அவங்களுக்குக் காது கேளாமை ஒரு நோய் இல்ல. அமெரிக்க சைகை மொழி தனி இலக்கணம் உள்ள முழு மொழி, அதுதான் வீட்டு மொழி. மகள் அதை விட்டு விலகிடுவாளோங்கிற பயம்.

அந்தச் சமூகத்தின் பெருமைக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. 1988-ல வாஷிங்டனின் கலாடெட் பல்கலைக்கழக மாணவர்கள் போராடி, காது கேளாத ஒருவரை முதல்முறையா தலைவராக்கினாங்க. 1991-ல அமெரிக்க தேசிய காது கேளாதோர் சங்கம் குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் வைப்பதைக் கடுமையா எதிர்த்தது. 2000-ல அந்த நிலைப்பாட்டைத் தளர்த்தியது.

கதை அங்க முடியல. 2002-ல, 9 வயசில் ஹெதருக்கு இம்ப்ளான்ட் வைத்தாங்க. பிறகு ஜார்ஜ்டவுனில் படிச்சு, ஹார்வர்டில் சட்டமும் படிச்சாங்க. சைகை மொழியையும் விடல. 2013-ல ஒரு டெட்-எக்ஸ் உரையில், தான் கேட்கும் உலகம், கேட்காத உலகம் ரெண்டில் ஒன்றுக்கு மட்டும் சொந்தமில்லைன்னு பேசினாங்க.

நம்ம ஊர்ல நிலைமை தலைகீழ். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் உண்டு. நல்ல விஷயம். ஆனா காது கேளாத குழந்தைகளின் பெற்றோரில் பெரும்பாலானோர் காது கேட்பவர்கள். காது கேளாத ஒரு பெரியவரிடம்கூட பேசாமலே அவங்க முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இம்ப்ளான்ட்டா, சைகை மொழியாங்கிற கேள்வியே தப்பு. குளிக்கும்போதும் தூங்கும்போதும் பிராசஸரைக் கழற்றி வைப்பாங்க. பேட்டரியும் தீரும். அந்த நேரத்தில் குழந்தைக்கு எதுவும் கேட்காது. அப்போ அம்மா அதுகிட்ட எந்த மொழியில் பேசுவாங்க? ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும்போதே இதுக்கும் பதில் யோசிச்சு வைக்கணும்.