ஈயின் மரபணுவில் ஓர் அழையா விருந்தாளி

பழக்கூடையைச் சுற்றிப் பறக்கும் சின்னஞ்சிறு ஈக்களை நாம் கையால் விரட்டிவிடுகிறோம். விஞ்ஞானிகளோ நூறாண்டுகளுக்கும் மேலாக அவற்றைக் கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்து ஆராய்ந்து வருகிறார்கள். அவ்வாறு தெரியவந்த விந்தை ஒன்றை இங்கே காண்போம், தோழியரே!

உயிரணுக்களில் புரதம் தயாரிக்கும் தொழிற்சாலைகளே ரைபோசோம்கள். அவற்றை அமைக்க ஏராளமான ஆர்.என்.ஏ. தேவை. ஒரே ஒரு மரபணுவால் இவ்வளவு வேலையைச் செய்ய இயலாது. ஆகவே பழ ஈயின் எக்ஸ், ஒய் குரோமோசோம்களில் இம்மரபணுவின் நகல்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக உள்ளன. நகல்கள் குறைந்தால் ஈயின் முதுகு மயிர்கள் குட்டையாகிவிடும். மிகவும் குறைந்தால் ஈ பிழைக்காது.

1977-இல் ஒரு புதுமை வெளியாயிற்று. இந்நகல்களில் பலவற்றின் நடுவே வேறொரு டி.என்.ஏ. துண்டு நுழைந்திருந்தது! நம் கட்டுரை நோட்டின் நடுவே யாரோ வேறொரு தாளைச் சேர்த்துத் தைத்துவிட்டது போல. இத்துண்டுகளில் இருவகை உண்டு. அவற்றுக்கு ஆர்-1, ஆர்-2 என்று பெயர். பட்டுப்பூச்சியிலும் இவை உள்ளன.

ஆர்-2 எப்படி நுழைகிறது? அது உண்டாக்கும் புரதம், ரைபோசோம் மரபணுவில் குறிப்பிட்ட ஓரிடத்தை மட்டும் தேடி வெட்டுகிறது. பின்னர் தன் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து அங்கேயே தன் டி.என்.ஏ. நகலை எழுதிவிடுகிறது. பட்டுப்பூச்சியின் ஆர்-2 புரதத்தைக் கொண்டு தாமஸ் ஐக்புஷ் குழுவினர் 1993-இல் இதை விளக்கினர்.

துண்டு புகுந்த நகலிலிருந்து பயனுள்ள ஆர்.என்.ஏ. கிடைப்பதில்லை. அதனால் ஆர்-2 வெறும் ஒட்டுண்ணி என்றே பலரும் கருதினர். ஈ எப்படிச் சமாளிக்கிறது? துண்டு நுழையாத நகல்களும் போதுமான அளவு இருப்பதால்தான்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ஆண் ஈக்களுக்கு வயதாகும்போது, விந்தணுக்களைத் தரும் உயிரணுக்களில் இம்மரபணு நகல்கள் குறைகின்றன. இக்குறை தலைமுறைதோறும் வளர்ந்தால் ஈயினமே நலிந்துவிடுமன்றோ? 2023-இல் யுகிகோ யமாஷிடா குழுவினர் விடை கண்டனர். ஆர்-2 செய்யும் வெட்டை உயிரணு பழுதுபார்க்கும்போது, இழந்த நகல்கள் மீண்டும் பெருகுகின்றன. ஆர்-2-ஐ அடக்கிவைத்தாலோ, நகல்கள் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே போகின்றன!

வெட்டுகிறவனே வீட்டைக் காக்கவும் உதவுகிறான். 1977-க்கும் 2023-க்கும் இடையே 46 ஆண்டுகள். ஒன்றைப் 'பயனற்றது' என்று ஒதுக்குமுன் பொறுமையுடன் மறுபடியும் ஆராய வேண்டும் என்பதை இச்சிறு ஈயிடமிருந்து நாம் கற்றுக்கொள்வோமாக!