தறி இங்கே, துணிப் படம் ஸ்பெயினில்

தகவல் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பொறியியல் என்பது நான்கு பருவங்களில் முடியும் ஈராண்டுப் படிப்பாகும். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் கணினி அறிவியலுக்கு எம்.இ. என்றும் தகவல் தொழில்நுட்பத்துக்கு எம்.டெக். என்றும் பட்டத்தின் பெயர் மாறினாலும், படிக்கும் பாடங்களில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இளநிலையிலிருந்து இதனை உண்மையாகப் பிரித்துக் காட்டுவது ஆய்வுப் பணி ஒன்றே. மூன்றாம் பருவத்தில் ஒரு சிக்கலை வரையறுத்து, அதில் முன்பு நடந்த ஆய்வுகளைத் திறனாய்ந்து, நான்காம் பருவத்தில் தீர்வை உருவாக்கிச் சோதித்து, ஆய்வேடாக்கி, வாய்மொழித் தேர்வில் தனியாளாக நின்று விடை சொல்வது வரை அனைத்தும் மாணவர் ஒருவரின் பொறுப்பு. அந்த ஓராண்டு வீணானால் முதுநிலைப் பட்டத்தில் மிஞ்சுவது அதிகமில்லை.

இப்படிப்பு எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை வைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். இரண்டு ஊர்களுக்கும் அருகிலுள்ள கிருஷ்ணன்கோயிலுக்குப் பொறியியல் கல்லூரி 1984-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதற்கும் வெகு முன்பே, 1930-களில், ராஜபாளையத்தில் நூற்பாலை எழுந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி வெளிநாட்டு மருத்துவமனைகள் வரை செல்கிறது. நூலும் துணியும் கணினிக் கல்வியும் ஒரே சாலையோரத்தில் கூடியிருக்கும் வட்டாரங்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

துணியில் உள்ள குறையைக் கணினியே கண்டுபிடிப்பது முதுநிலை மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்புகளில் ஒன்று. ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுப் படங்களைக் காட்டினால் அவற்றிலிருந்து தானாகவே விதிகளைக் கற்றுக்கொள்ளும் ஆழ்கற்றல் என்னும் முறை இதற்குப் பயன்படுகிறது. அதற்குத் தீனியாக அமையும் படங்களின் திரட்டைத் தரவுத்தொகுப்பு என்பர். ஸ்பெயின் நாட்டு அல்கோய் நகரிலுள்ள நெசவு ஆராய்ச்சி நிலையம் ஒன்று வெளியிட்ட, ஏழு வகைத் துணிகளின் 245 படங்கள் கொண்ட தொகுப்பு இத்துறையில் பரவலாகப் பயன்படுகிறது. அவற்றில் 140 குறையற்றவை, 105 குறையுள்ளவை. தொகுப்பு நல்லதுதான், ஆனால் அதிலுள்ள துணி வேறு. நெருக்கமாக நெய்த துணியில் இரண்டு இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது குறை; காயத்தின் மேல் வைக்கும் பேண்டேஜ் துணியோ காற்று புகவும் கசிவை உறிஞ்சவும் வேண்டுமென்றே இடைவெளி விட்டு நெய்யப்படுவதால், அங்கே வெளிச்சம் தெரிவதே முறை. நெருக்க நெசவை மட்டும் பார்த்துப் பழகிய நிரலின் முன் சத்திரப்பட்டித் துணியை விரித்தால், அது முழுத் துணியையும் குறையென்று தள்ளிவிடக்கூடும். இந்தப் பொருத்தமின்மையே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான சிக்கல். தறி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அச்சிக்கலை எடுத்துக்கொள்ளாமல் விடுவது வருந்தத்தக்கது.

இதைவிடக் கவலை தருவது விலைக்கு வாங்கப்படும் ஆய்வு. தலைப்பு, நிரல், விளக்க அறிக்கை, வாய்மொழித் தேர்வில் சொல்ல வேண்டிய விடைகள் ஆகிய அனைத்தையும் கட்டணத்துக்குத் தயாரித்துத் தரும் ‘புராஜெக்ட் சென்டர்’கள் தமிழ்நாட்டின் பெருநகரங்களில் பல்லாண்டுகளாக இயங்கி வருகின்றன, இது ஏதோ ஒரு கல்லூரிக்கோ ஊருக்கோ மட்டும் உரிய நோயன்று. மாணவரின் சோம்பல் என்று இதை ஒதுக்குவதும் நியாயமன்று. கேட் என்னும் தேசியத் தேர்வில் தகுதி பெற்று முழுநேரமாகப் படிப்பவருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வழங்குகிறது. மாநில நுழைவுத் தேர்வின் வழி சேர்ந்தவருக்கு அத்தொகை கிடையாது. உடன் படித்தவர்கள் இளநிலையோடு வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் காலத்தில், கட்டணமும் கட்டிக்கொண்டு வருமானமின்றி இருப்பவர், இரண்டாம் ஆண்டில் கிடைத்த வேலையில் சேர்ந்துவிட்டு ஆய்வைக் கடையில் வாங்குகிறார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டின் சொற்கள் பிற எழுத்துகளோடு 10 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தால் நடவடிக்கை உண்டு. 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். இவ்விதி சொல்லைத்தான் அளக்கிறது. எழுதிய கை யாருடையது என்பதை அதனால் அறிய முடியாது. காசு கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கிய ஆய்வேடு எந்த ஒப்புமைச் சோதனையையும் எளிதில் கடந்துவிடும். முதுநிலைப் பட்டம் பொறியியல் ஆசிரியப் பணிக்கு அடிப்படைத் தகுதியாக இருப்பதால், ஆய்வு செய்யாமலே பட்டம் பெற்றவர் நாளை வேறொருவரின் ஆய்வுக்கு வழிகாட்டியாக அமர்வார் என்பதை நினைக்கும்போது இக்கவலை இரட்டிப்பாகிறது.

துணிக் குறை ஆய்வுக்குத் திரும்பினால், உலகெங்கும் பயன்படும் பொதுத் தொகுப்பில் சோதித்தால்தான் முடிவுகளைப் பிறர் முடிவுகளோடு ஒப்பிட முடியும் என்று சொல்வோர் உண்டு, அது சரியே. எனினும் உள்ளூர்ப் படங்களைச் சேர்ப்பதில் உள்ள பாடம் வேறெங்கும் கிடைக்காது. தறி அதிர்வில் படம் கலங்கும்; பஞ்சுத் தூசி கேமரா வில்லையில் படியும்; ட்யூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி பட்டைபட்டையாகப் பதியும். இவற்றைச் சமாளித்து எடுத்த ஒவ்வொரு படத்துக்கும், பாவு இழை அறுந்ததா, ஊடை விடுபட்டதா, வெறும் அழுக்கா என்று பெயரிட வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர் தறிக்காரரே. ஒரே படத்தை இரண்டு தறிக்காரர்களிடம் தனித்தனியே காட்டினால், சில இடங்களில் ஒருவர் குறையென்பதை மற்றவர் ஏற்கமாட்டார். அந்தப் படங்களைத் தனியே எண்ணி, எந்த வகைக் குறையில் இருவரும் மிகுதியாக வேறுபடுகின்றனர் என்று கணக்கிட்டால், அல்கோய் நகரின் 245 படங்களில் இல்லாத ஓர் அத்தியாயம் ஆய்வேட்டில் எழுதப்பட்டிருக்கும். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி என்ன கேட்டாலும், அந்த மாணவர் தறிக்கூடத்தில் பார்த்ததையே விடையாகச் சொல்லலாம்.