தானுந்துப் பொறி மீளமைப்பில் உதிரிப்பாகப் பொருத்தமின்மை

தானுந்துப் பொறி மீளமைப்பில் உதிரிப்பாகப் பொருத்தமின்மை என்பது, பிரித்துப் புதுப்பிக்கப்படும் ஒரு பொறியில் வெவ்வேறு ஆண்டையோ வகையையோ அளவையோ சேர்ந்த பாகங்கள் ஒன்றுசேர்வதால் ஏற்படும் முரண்பாடு ஆகும். இம்முரண்பாடுகள் இரு வகைப்படும். முதல் வகையில் பாகம் உரிய இடத்தில் அமர்வதே இல்லை. ஆகவே தவறு உடனே தெரிந்துவிடுகிறது. இரண்டாம் வகையில் பாகம் எளிதாக அமர்ந்து போல்ட்டுகளும் முறையாக முறுக்கப்பட்டுவிடுகின்றன. ஆனால் பொறி இயங்கத் தொடங்கிய பின்னரே கேடு வெளிப்படுகிறது. பெரும் இழப்பை உண்டாக்குவது இரண்டாம் வகையே. எனவே மீளமைப்பில் ஒரு பாகம் பொருந்துகிறதா என்பது அது அமர்வதைக் கொண்டு அல்லாமல், அளவெடுத்தே முடிவு செய்யப்படுகிறது.

இக்கட்டுரை, அமெரிக்காவின் செவ்ரோலே நிறுவனம் 1955 இல் அறிமுகப்படுத்திய ஸ்மால் பிளாக் வி-8 பொறிக் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்சிக்கலை விளக்குகிறது.

பின்னணி

ஸ்மால் பிளாக் பொறியில் எட்டு சிலிண்டர்கள் நான்கு நான்காக வி வடிவில் அமைந்துள்ளன. அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே உள்ள தொலைவு 4.4 அங்குலம் (111.76 மி.மீ.). இவ்வடிப்படை அமைப்பு மாறாமல் இருக்க, சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டனின் வீச்சும் மாற்றப்பட்டுப் பல கொள்ளளவுகளில் பொறிகள் உருவாயின. 1955 இல் 265, 1957 இல் 283, 1962 இல் 327, 1967 இல் 350, 1970 இல் 400 கன அங்குலப் பொறிகள் வெளிவந்தன. இவ்வெண்களே பொறியின் பெயராகவும் வழங்குகின்றன.

ஒரே குடும்பம் என்பதால் பல பாகங்களை ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்களைக் கொண்டு பொறியை மீளமைக்கும் வழக்கம் பரவியதற்கு இது முக்கியக் காரணம். பொருத்தமின்மைச் சிக்கல் மிகுந்ததற்கும் இதுவே காரணம். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் உள்ள பாகங்கள் ஆண்டுதோறும் சிறு மாற்றங்களுக்கு உட்பட்டிருந்தன.

ஒரே பெயர், வேறு பொறி

பெயரை மட்டும் நம்பிப் பாகம் வாங்குவது தவறுக்கு இட்டுச் செல்லும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவ்ரோலே, ஓல்ட்ஸ்மொபில், பாண்டியாக், பியூக் ஆகிய நான்கு பிரிவுகளும் 350 என்ற பெயரில் பொறிகளைத் தயாரித்தன. இவை நான்கும் தனித்தனி வடிவமைப்புகள். செவ்ரோலே பொறியின் உள்விட்டம் 4.00 அங்குலமும் வீச்சு 3.48 அங்குலமும் ஆகும். பியூக் பொறியிலோ உள்விட்டம் 3.80, வீச்சு 3.85 அங்குலம்.

1977 ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் வண்டிகள் சிலவற்றில் செவ்ரோலே 350 பொறி பொருத்தப்பட்டு விற்கப்பட்டது. ஓல்ட்ஸ்மொபில் பொறிக்கான உதிரிப்பாகங்கள் பொருந்தாதபோதே வாங்கியவர்களுக்கு இது தெரியவந்தது. இதையடுத்து வாடிக்கையாளர்களும் பல மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்களும் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் இழப்பீடு வழங்க நேர்ந்தது.

வார்ப்பு எண்

பொறியை இனங்காண்பதற்கான முதல் சான்று வார்ப்பு எண் ஆகும். ஸ்மால் பிளாக் பொறிகளில் இது சிலிண்டர் பிளாக்கின் பின்புறத்தில், கியர் பெட்டி இணையும் விளிம்பின் மேல் காணப்படும். இவ்வெண் வார்ப்பை மட்டுமே குறிக்கிறது. அவ்வார்ப்பு பின்னர் எவ்வாறு கடையப்பட்டது என்பதைக் குறிப்பதில்லை. எடுத்துக்காட்டாக, 3970010 என்ற வார்ப்பு 327 பொறிக்கும் 350 பொறிக்கும் பயன்பட்டது. ஆகவே பிளாக்கின் முன்புறம் வலப்பக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ள குறியீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பே ஒருமுறை மீளமைக்கப்பட்ட பொறியாயின் உள்ளே இருக்கும் பாகங்கள் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், எண்களுக்குப் பிறகும் அளவெடுத்தல் இன்றியமையாதது.

பொருத்தமின்மையின் வகைகள்

ஜர்னல் அளவு

பேரிங்குகளில் அமர்ந்து சுழலும் கிராங்க் சாஃப்டின் உருண்டைப் பகுதி ஜர்னல் எனப்படும். ஸ்மால் பிளாக் பொறிகளில் முதன்மை ஜர்னலின் விட்டம் மூன்று அளவுகளில் வந்தது.

- 1955 முதல் 1967 வரை, பெரும்பாலான பொறிகள்: 2.30 அங்குலம் (58.42 மி.மீ.)
- 1968 முதல், 400 பொறி நீங்கலாக: 2.45 அங்குலம் (62.23 மி.மீ.)
- 400 பொறி: 2.65 அங்குலம் (67.31 மி.மீ.)

பெரிய ஜர்னல் உள்ள கிராங்க் சாஃப்ட் சிறிய துளையுள்ள பிளாக்கில் நுழையாது. இது உடனே தெரியும் முரண்பாடு. இதற்கான தீர்வு ஒன்று புகழ்பெற்றது. 400 பொறியின் கிராங்க் சாஃப்ட் ஜர்னல்களை 2.45 அங்குலத்துக்குக் குறைத்து, 0.030 அங்குலம் கூடுதலாகத் துளைக்கப்பட்ட 350 பிளாக்கில் பொருத்தினால் 383 கன அங்குலப் பொறி கிடைக்கிறது. ஆனால் வீச்சு அதிகரிப்பதால் கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் பிளாக்கின் அடிவிளிம்பில் உரசக்கூடும். அவ்விடங்களைச் சிறிது தேய்த்து இடைவெளி ஏற்படுத்த வேண்டும்.

தேய்ந்த ஜர்னலைச் சீர்செய்யும்போது விட்டம் 0.010, 0.020 அல்லது 0.030 அங்குலம் குறைக்கப்படுகிறது. அதே அளவு தடிப்பை ஈடுசெய்யும் பேரிங்குகளையே பயன்படுத்த வேண்டும். 2.45 அங்குல ஜர்னலுக்கு ஏறத்தாழ 0.0025 அங்குல இடைவெளி போதுமானது. விட்டம் 0.010 அங்குலம் குறைக்கப்பட்ட ஜர்னலில் சாதாரண அளவு பேரிங்கைப் பொருத்தினால் இடைவெளி ஐந்து மடங்காகும். பொறி கைக்குத் தடையின்றிச் சுழலும். ஆனால் இயங்கும்போது எண்ணெய் அழுத்தம் வீழ்ந்து பேரிங்குகள் அழியும்.

பிஸ்டன் உயரம்

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் கட்ஜன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டனின் தலைப்பரப்பு வரை உள்ள உயரம் அமுக்க உயரம் எனப்படும். பிஸ்டன் தன் உச்சியை அடையும்போது எங்கே நிற்கும் என்பதைப் பின்வரும் கூட்டல் தருகிறது.

வீச்சின் பாதி + கனெக்டிங் ராடின் நீளம் + அமுக்க உயரம்

இக்கூட்டுத்தொகையை, கிராங்க் சாஃப்டின் மையத்திலிருந்து பிளாக்கின் மேற்பரப்பு வரை உள்ள உயரத்துடன் ஒப்பிட வேண்டும். ஸ்மால் பிளாக்கில் அவ்வுயரம் 9.025 அங்குலம்.

- 327 பொறி: 1.625 + 5.700 + 1.675 = 9.000
- 350 பொறி: 1.740 + 5.700 + 1.560 = 9.000
- 400 பொறி: 1.875 + 5.565 + 1.560 = 9.000

மூன்றிலும் பிஸ்டன் மேற்பரப்பிலிருந்து 0.025 அங்குலம் கீழே நிற்கிறது. 327, 350 ஆகிய இரு பொறிகளுக்கும் உள்விட்டம் 4.00 அங்குலமே என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. ஆகவே 327 பொறியின் பிஸ்டன்கள் 350 பொறியின் சிலிண்டர்களில் எளிதாக இறங்கிவிடும். ஆனால் கூட்டுத்தொகை 1.740 + 5.700 + 1.675 = 9.115 அங்குலம் ஆகிறது. பிஸ்டன் மேற்பரப்பைத் தாண்டி 0.090 அங்குலம் (2.3 மி.மீ.) வெளியே வருகிறது. இடையில் உள்ள ஹெட் கேஸ்கெட்டின் தடிப்போ ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. எனவே பிஸ்டன் சிலிண்டர் ஹெட்டில் மோதும்.

மறுதலையாக, 350 பிஸ்டனை 327 பொறியில் இட்டால் அது மேற்பரப்பிலிருந்து 0.140 அங்குலம் (3.6 மி.மீ.) கீழேயே நின்றுவிடும். மோதல் எதுவும் இல்லை, பொறியும் இயங்கும். ஆனால் அமுக்க விகிதம் குறைந்து, காரணம் தெரியாத ஆற்றல் குறைவு நீடிக்கும்.

சமநிலை

கிராங்க் சாஃப்டில் உள்ள எதிர் எடைகள், பிஸ்டன்களின் இயக்கத்தால் எழும் அதிர்வைக் குறைக்கின்றன. 1985 வரை வந்த பெரும்பாலான ஸ்மால் பிளாக் பொறிகளில் சமநிலை முழுவதும் கிராங்க் சாஃப்டிலேயே அமைந்தது. 400 பொறியில் அதற்குப் போதிய இடம் இல்லாமையால், முன்புற டேம்பரிலும் பின்புறப் பிளைவீலிலும் கூடுதல் எடை சேர்க்கப்பட்டது. 1986 முதல் கிராங்க் சாஃப்டின் பின்புற ஆயில் சீல் இரு துண்டுகளிலிருந்து ஒரே வளையமாக மாறியது. இதனால் கிராங்க் சாஃப்டின் பின்விளிம்பு வட்ட வடிவம் பெற்று அங்கிருந்த எடையை இழந்தது. அவ்வெடை பிளைவீலுக்கு மாற்றப்பட்டது.

இவ்வாறு மூன்று சமநிலை முறைகள் உள்ளன. 350 பொறியின் டேம்பர் 400 கிராங்க் சாஃப்டில் தடையின்றி ஏறிவிடும். ஆனால் அதிர்வு ஓயாது. நாளடைவில் பேரிங்குகள் தேய்ந்து கிராங்க் சாஃப்டே முறியக்கூடும். டேம்பர், கிராங்க் சாஃப்ட், பிளைவீல் ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியாகக் கருதுவதே தீர்வு. கலந்து பயன்படுத்த நேர்ந்தால், எந்திரப் பணிமனையில் அவற்றை ஒன்றாகச் சமநிலைப்படுத்த வேண்டும்.

எண்ணெய் வழியும் நீர் வழியும்

1955, 1956 ஆம் ஆண்டுகளின் 265 பொறிகளில், டேப்பெட்டுகளுக்குச் செல்லும் எண்ணெய் கேம் சாஃப்டின் பின் ஜர்னலில் உள்ள பள்ளத்தின் வழியே பாய்கிறது. பிற்காலக் கேம் சாஃப்டுகளில் இப்பள்ளம் இல்லை. அவை இப்பிளாக்கில் சரியாக அமர்ந்தாலும் டேப்பெட்டுகளுக்கு எண்ணெய் கிடைக்காது. பின் ஜர்னலில் உரிய பள்ளம் வெட்டிக்கொள்வது இதற்குத் தீர்வு.

400 பொறியில் அடுத்தடுத்த சிலிண்டர்களின் சுவர்கள் ஒட்டியுள்ளதால், அவற்றிடையே நீர் ஓடுவதில்லை. அங்கே உருவாகும் நீராவி வெளியேற பிளாக்கிலும் ஹெட்டிலும் சிறு துளைகள் உள்ளன. இத்துளைகள் இல்லாத 350 ஹெட்டைப் பொருத்தினால் நீராவி தேங்கி அப்பகுதி மிகையாகச் சூடேறும். 400 பொறியின் கேஸ்கெட்டை ஹெட்டின் மேல் வைத்து, துளைகளின் இடத்தைக் குறித்துத் துளையிடுவது வழக்கம்.

வெளிப்புறப் பாகங்கள்

பிளைவீலின் வெளிவட்டப் பற்கள் 153 அல்லது 168 என இரு எண்ணிக்கைகளில் உள்ளன. 153 பல் சக்கரத்துக்கான ஸ்டார்ட்டரின் இரு போல்ட்டுகளும் நேர்வரிசையிலும், 168 பல் சக்கரத்துக்கானவை சாய்வரிசையிலும் அமைகின்றன. இன்டேக் மேனிஃபோல்டைப் பிணைக்கும் 12 போல்ட்டுகளில் நடுவில் உள்ள நான்கின் சாய்வு 1987 முதல் மாற்றப்பட்டது. இவற்றை வலிந்து முறுக்கினால் ஹெட்டின் மரைகள் கெடும்.

இணையாக உருவான பாகங்கள்

சில பாகங்கள் அளவில் ஒத்திருந்தாலும் மாற்றிக்கொள்ள இயலாதவை. கிராங்க் சாஃப்டைத் தாங்கும் மெயின் கேப்புகள், பிளாக்குடன் பிணைக்கப்பட்ட நிலையிலேயே ஒரே நேர்கோட்டில் துளைக்கப்படுகின்றன. ஒரு பிளாக்கின் கேப்பை வேறு பிளாக்கில் வைத்தால் துளை வட்டமாகவும் நேர்கோட்டிலும் அமையாது. கேப்பை மாற்றியே ஆகவேண்டும் எனில், எல்லாத் துளைகளையும் மீண்டும் ஒருசேரக் கடைய வேண்டும். இக்காரணத்தால் பொறியைப் பிரிக்கும்போதே ஒவ்வொரு கேப்புக்கும் இட எண் குறிக்கப்படுகிறது.

தீர்வுக்கான வழிகள்

முரண்பாடு கண்டறியப்பட்டபின் மூன்று வழிகள் உள்ளன.

1. பாகத்தை மாற்றுதல்: பிளாக்கை அடிப்படையாகக் கொண்டு, அதற்குரிய பாகத்தைத் தேடிப் பெறுதல். பெரும்பாலும் செலவு குறைந்த வழி இதுவே.
2. கடைந்து சீர்செய்தல்: ஜர்னலைக் குறைத்தல், துளையிடுதல், பள்ளம் வெட்டுதல் முதலியன. இவற்றைத் திரும்பப் பெற இயலாது என்பதால் எல்லா அளவுகளும் முடிவான பின்னரே செய்யத்தக்கவை.
3. இடைப்பொருத்தி: எடுத்துக்காட்டாக, பழைய இரு துண்டு சீல் வகைக் கிராங்க் சாஃப்டை 1986 க்குப் பிந்தைய பிளாக்கில் பொருத்த இடைப்பொருத்திகள் கிடைக்கின்றன.

முன்னோட்டப் பொருத்தம்

இறுதியாக இணைப்பதற்கு முன் பொறியைத் தற்காலிகமாகக் கோத்துப் பார்ப்பது முன்னோட்டப் பொருத்தம் எனப்படும். இதில் பின்வருவன சோதிக்கப்படுகின்றன.

- பேரிங் இடைவெளி: மைக்ரோமீட்டராலோ, பேரிங்கினுள் நசுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழையாலோ அளக்கப்படுகிறது. நசுங்கிய இழையின் அகலம் இடைவெளியைக் காட்டும்.
- பிஸ்டன் நிற்கும் இடம்: ஒவ்வொரு பிஸ்டனும் உச்சியில் இருக்கும்போது மேற்பரப்பிலிருந்து அளக்கப்படுகிறது.
- வால்வு இடைவெளி: பிஸ்டன் தலையில் களிமண் போன்ற மென்பொருளை ஒட்டி, ஹெட்டைப் பொருத்திப் பொறி இருமுறை கையால் சுழற்றப்படுகிறது. வால்வு பதிந்த இடத்தில் எஞ்சிய தடிப்பே இடைவெளி. உள்வாங்கு வால்வுக்கு 0.080 அங்குலமும் வெளியேற்று வால்வுக்கு 0.100 அங்குலமும் குறைந்த அளவாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன.
- தடையற்ற சுழற்சி: ஒவ்வொரு பாகம் சேர்க்கப்பட்ட பின்னரும் கிராங்க் சாஃப்ட் கையால் சுழற்றப்படுகிறது. திடீரென இறுக்கம் தோன்றினால், கடைசியாகச் சேர்த்த பாகமே முதலில் ஆராயப்பட வேண்டும்.

சமநிலை, எண்ணெய் வழி, நீராவித் துளை ஆகியவற்றில் உள்ள முரண்பாடுகளைக் கையால் சுழற்றிக் கண்டறிய இயலாது. இவற்றுக்கு வார்ப்பு எண்களும், கழற்றிய பாகத்தையும் புதிய பாகத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதுமே துணை. ஆகவே புதிய பொறி இயங்கி நிலைபெறும் வரை பழைய பாகங்களை அகற்றாமல் வைத்திருப்பது நல்லது.