குளிர்காலக் காட்டுப் பறவைகளைக் கணக்கிடும் முறை

வட அந்தமானில் திக்லிபூருக்கு அருகே அமைந்த சாடில் சிகரம் 732 மீட்டர் உயரமுடையது; அந்தமான் தீவுகளில் இதுவே மிக உயர்ந்தது. இதன் சாரலிலுள்ள பசுமை மாறாக் காடுகளிலும், அவற்றை அடுத்த வெளிகளிலும், சைபீரியா முதலிய வடபகுதிகளில் இனம் பெருக்கும் பழுப்புக் கீச்சான், சாம்பல் வாலாட்டி போன்ற பறவைகள் குளிர்காலத்தில் வந்து தங்குகின்றன. இவற்றின் தொகை குறையுமாயின், கேடு வடக்கே நேர்ந்ததாகவும் இருக்கலாம். இங்கே நேர்ந்ததாகவும் இருக்கலாம். ஆதலின் இரு முனைகளிலும் கணக்கெடுத்தல் இன்றியமையாதது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் நடைபெறுகிறது. திறந்த நீர்நிலையில் பறவைகளை நேரே எண்ணலாம். காட்டிலோ இலைச்செறிவு அவற்றை மறைக்கிறது. குளிர்காலத்தில் பெரும்பாலானவை பாடுவதும் இல்லை. அன்றியும், அந்தமான் கரிச்சானுடன் பலவினப் பறவைகள் கூட்டமாய் இரைதேடித் திரியும். அக்கூட்டம் எதிர்ப்பட்டால் எண்ணிக்கை மிகும். தவறினால் ஒன்றுமே கிட்டாது.

இக்குறையைப் போக்க, காட்டில் பல இடங்களை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். காலை வேளையில் ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் அசையாது நின்று, கண்டவற்றையும் கேட்டவற்றையும் தனித்தனியே எழுதுதல் வேண்டும். ஆண்டுதோறும் இடம், பருவம், வேளை, கால அளவு ஆகியவை மாறலாகாது. பறவை எதுவும் காணப்படாவிடில் சுழியம் என்றே பதிதல் வேண்டும். அவ்விடத்தை விட்டுவிட்டால் சராசரி பொய்யாக உயரும். ஓராண்டின் குறைவு வீழ்ச்சிக்குச் சான்றாகாது. பல்லாண்டுப் பதிவே உண்மையை உணர்த்தும்.