பிறந்தநாள் ஜூலை 30-ஆ, ஆகஸ்ட் 2-ஆ? மூன்று நாளில் தள்ளிப்போகும் ஒன்றாம் வகுப்பு

காரைக்குடியில் ஏப்ரல் வந்தாலே பல மழலையர் பள்ளிகளில் யு.கே.ஜி. குழந்தைகளுக்கு 'பட்டமளிப்பு விழா' நடக்கும். கறுப்பு அங்கி, தலையில் குஞ்சம் தொங்கும் தொப்பி, கையில் சுருட்டிய சான்றிதழ். வெயிலில் வேர்த்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பெற்றோர் போனில் படம் பிடித்துத் தள்ளுவார்கள். போட்டோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போன பிறகுதான் அடுத்த கேள்வி வரும். "எங்க சேர்க்கப் போறீங்க? வயசு சரியா இருக்கா?"

இந்தக் கேள்விக்குக் காரைக்குடியில் ஒரே பதில் கிடையாது. எந்தப் பள்ளி வாசலில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

ஒரே ஊர், இரண்டு கணக்கு

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் சேர, அந்த ஆண்டு ஜூலை 31 அன்று 5 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்.கே.ஜி.க்கு அதே தேதியில் 3 வயது.

மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா காரைக்குடியிலும் இருக்கிறது. அங்கே கணக்கு வேறு. மார்ச் 31 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும். 2022-23 கல்வியாண்டுக்கு முன்பு அங்கும் 5 வயதுதான். வரம்பை உயர்த்தியதை எதிர்த்துப் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றமும், பிறகு உச்ச நீதிமன்றமும் 2022 ஏப்ரலில் அவற்றைத் தள்ளுபடி செய்தன.

வயது உயர்ந்ததற்குக் காரணம் தேசியக் கல்விக் கொள்கை 2020. மூன்று வயதில் தொடங்கி மூன்று ஆண்டுகள் முன்பருவக் கல்வி, அதன் பிறகே ஒன்றாம் வகுப்பு என்கிறது அது. எல்லா மாநிலங்களும் 6 வயதுக்கு மாற வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2023-லும் 2024-லும் கடிதம் எழுதியது. தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் நடைமுறை பள்ளிக்குப் பள்ளி மாறலாம். எனவே கட்டணம் கட்டும் முன் "எந்தத் தேதியில் எத்தனை வயது?" என்று கேட்டுவிடுவது நல்லது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அடுத்தடுத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 2021 ஜூலை 30-ல் பிறந்தது. இன்னொன்று ஆகஸ்ட் 2-ல்.

மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் குழந்தை 2026 ஜூனிலேயே ஒன்றாம் வகுப்புக்குப் போகலாம். இரண்டாவது குழந்தை 2027 வரை காத்திருக்க வேண்டும். மூன்று நாள் வித்தியாசம், ஒரு முழு வருஷமாக மாறிவிடுகிறது.

அதே ஜூலைக் குழந்தையை கேந்திரிய வித்யாலயாவுக்குக் கூட்டிப்போனால்? 2027 மார்ச் 31-ல் அதற்கு 5 வயது 8 மாதம்தான். ஆகவே 2028-ல்தான் ஒன்றாம் வகுப்பு. மாநிலப் பாடத்திட்டத்தில் சேர்ந்திருந்தால் அந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

ஆடி மாசமா, ஆகஸ்ட் மாசமா?

செட்டிநாட்டு வீடுகளில் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு பிறந்தநாள். தமிழ் மாதமும் நட்சத்திரமும் கூடும் நாளில் பிள்ளையார்பட்டிக்கோ கொப்புடையம்மன் கோயிலுக்கோ போய் அர்ச்சனை. ஆங்கிலத் தேதியில் மாலை கேக். நட்சத்திரப் பிறந்தநாள் ஆண்டுதோறும் வேறு வேறு ஆங்கிலத் தேதியில் வரும். "ஆடி பாதியில பொறந்த புள்ள" என்று அப்பத்தா சொல்லும் கணக்கு வீட்டுக்குச் சரி. ஆனால் பள்ளியின் ஜூலை 31 விழுவதே ஆடியின் நடுவில்தான். அங்கே செல்லுபடியாவது பிறப்புச் சான்றிதழில் உள்ள ஆங்கிலத் தேதி மட்டுமே.

தாத்தா, பாட்டி காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயசு ஆகிவிட்டது என்று அர்த்தம். தலைமையாசிரியர் ஜூனுக்குத் தோதாக ஒரு தேதியை எழுதிக்கொள்வார். இன்று 60, 70 வயதில் இருப்பவர்கள் பலருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது இதனால்தான்.

இப்போது அந்த வசதி இல்லை. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அதே சமயம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்கிறது.

"ஒரு வருஷம் வீணாப் போயிடுமே!"

காத்திருக்க வேண்டியிருக்கும் பெற்றோரின் முதல் கவலை இது. எப்படியாவது முன்கூட்டியே சேர்த்துவிடலாமா என்று சிலர் யோசிப்பார்கள். அது பின்னால் இடிக்கும். இப்போதைய விதிப்படி, நீட் தேர்வு எழுத அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைய வேண்டும். 2022 ஜனவரியில் பிறந்த குழந்தையை 2026-லேயே ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால், 2038-ல் பிளஸ் டூ முடிக்கும்போது அந்த வயது வந்திருக்காது. மிச்சப்படுத்திய வருஷம் அங்கே போய்விடும்.

இன்னொரு பக்கம், வரம்புக்குள் வந்துவிட்ட ஜூலைக் குழந்தையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது அந்தப் பிள்ளையைத்தான். வகுப்பிலேயே சின்னது அதுதான். பக்கத்தில் உட்காரும் குழந்தை அதைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்ததாக இருக்கலாம். 15 வயதில் ஒரு வருஷம் பெரிய விஷயம் இல்லை. 5 வயதில் அது வாழ்ந்த வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து 2012-ல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே வயது வரம்பு டிசம்பர் 31. வகுப்பில் மூத்தவர்களான ஜனவரிக் குழந்தைகளைவிட, இளையவர்களான டிசம்பர்க் குழந்தைகளுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆண் குழந்தைகளில் 30 சதவீதம், பெண் குழந்தைகளில் 70 சதவீதம் கூடுதல். வயதுக்கே உரிய துறுதுறுப்பு சில நேரம் நோயாகப் பார்க்கப்படுகிறது என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

"பக்கத்து வீட்டுப் புள்ள வரிவரியா எழுதுது, நம்மது பென்சிலையே பிடிக்க மாட்டேங்குது" என்று புலம்பும் முன், இரண்டு பிள்ளைகளின் பிறந்த மாதத்தையும் பார்த்துவிடலாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* 5 வயது என்பது குறைந்தபட்ச வரம்புதான். 5 நிறைந்ததுமே சேர்த்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கட்டாயக் கல்விக்கான சட்டப்படியான வயது 6 முதல் 14 வரை.

* எழுதத் தெரிகிறதா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். தானாகச் சாப்பிடுவது, பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்பது, ஒரு கதையை முழுதாக உட்கார்ந்து கேட்பது, அம்மாவை விட்டுச் சில மணி நேரம் இருப்பது ஆகியவையும் தயார்நிலையின் அடையாளங்களே.

* வகுப்பில் இளைய பிள்ளை என்றால், முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், ஒவ்வொரு குழந்தையும் இருக்கும் நிலையிலிருந்து தொடங்கும் வகையில் அமைந்தது.

* பள்ளியை மாற்றும் எண்ணம், குறிப்பாக மத்திய அரசுப் பணி இடமாற்றம் இருந்தால், இரண்டு கணக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள்.

* பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால் உடனே சேருங்கள். பிறப்பைப் பதிவு செய்து ஓராண்டு வரை கட்டணம் இல்லை. 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடன் சேர்க்கலாம்.

பின்லாந்தில் ஒன்றாம் வகுப்பு 7 வயதில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் 4 வயது முடிந்ததுமே பள்ளி வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்தத் தேதியில் கோடு போட்டாலும் யாரோ ஒரு குழந்தை அதற்கு முந்தைய நாள் பிறந்திருக்கும், இன்னொன்று மறுநாள் பிறந்திருக்கும். அந்தக் கோட்டைப் பெற்றோரால் நகர்த்த முடியாது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதால் ஒரு பிள்ளை கெட்டிக்காரி ஆகிவிடுவதும் இல்லை, அந்தப் பக்கம் நிற்பதால் இன்னொன்று மக்கு ஆகிவிடுவதும் இல்லை.