உடைந்த மேசையும் சட்டமும்

ஆண்டுத் தேர்வு முடியும் நாளில் மேசை, மின்விசிறி, தண்ணீர்க் குழாய் ஆகியவை உடைபடுவதைச் சில பள்ளிகளில் காண்கிறோம். "விளையாட்டுக்குத்தான் செய்தோம் சார்" என்பார்கள் மாணவர்கள். "போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்போம் நாம். பிறர் பொருளைச் சேதப்படுத்துவது பற்றிச் சட்டம் சொல்வது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால், இந்தப் பேச்சு வேறு விதமாக அமையும்.

எது குற்றம்?

இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. முன்பு 425ஆம் பிரிவில் இருந்த விளக்கம் இப்போது 324ஆம் பிரிவில் உள்ளது. பிறருக்கோ பொதுமக்களுக்கோ முறையற்ற இழப்பு ஏற்படுத்தும் நோக்கத்துடன், அல்லது இழப்பு ஏற்படக்கூடும் என்று தெரிந்தே, ஒரு பொருளை அழிப்பதும் அதன் மதிப்பையோ பயன்பாட்டையோ குறைப்பதும் குற்றம்.

இதில் முக்கியமானது மனநிலை. ஓடி விளையாடும்போது கை தவறிக் கண்ணாடி உடைந்தால் அது இக்குற்றம் ஆகாது. குறிபார்த்துக் கல்லெறிந்து உடைத்தால் ஆகும். "அவனுக்கு நஷ்டம் வர வேண்டும் என்று நினைக்கவில்லை" என்பது மட்டும் போதாது. உடையும் என்று தெரிந்தே செய்திருந்தாலும் குற்றமே. பொருள் முழுவதும் அழிய வேண்டும் என்பதும் இல்லை. நண்பனின் செய்முறைப் பதிவேட்டில் வேண்டுமென்றே மை கொட்டினால் அதன் பயன் குறைகிறது, அதுவும் சேதமே.

தண்டனை எவ்வளவு?

பொதுவாக 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சேதம் 20,000 ரூபாய் முதல் 1 லட்சத்துக்குள் என்றால் 2 ஆண்டு வரை. 1 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு வரை சிறை. அரசுப் பள்ளியின் மேசை பொதுச் சொத்து. பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டம் 1984இன்படி அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

மாணவர் என்றால்?

மேற்கண்டவை பெரியவர்களுக்கான தண்டனைகள். 7 வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் எதுவும் குற்றமாகாது. 7 முதல் 12 வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி இல்லையெனில் அப்போதும் குற்றமாகாது. 18 வயது நிறையாதவரின் வழக்கு இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி இளைஞர் நீதிக் குழுமத்துக்குச் செல்லும். அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை போன்ற ஆணைகளை அக்குழுமம் பிறப்பிக்கலாம். குழந்தையைச் சிறையிலோ காவல் நிலைய லாக்கப்பிலோ வைக்கக் கூடாது. ஆனால் 18 வயது நிறைந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நம் கடமை.

நாம் செய்யக்கூடியவை

சேதம் நடந்தால் முதலில் மாணவரைத் தனியே அழைத்து மூன்று கேள்விகள் கேட்கலாம்: என்ன நடந்தது? உடையும் என்று தெரியுமா? இதனால் யாருக்கு என்ன இழப்பு? பதிலை எழுதிவைத்து, தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசலாம். பொருளைச் சரிசெய்வதில் மாணவருக்கு ஏற்ற பங்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கலந்து முடிவு செய்யலாம். அடிப்பதும் வகுப்பின் முன் அவமானப்படுத்துவதும் தீர்வல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இரண்டையும் தடை செய்கிறது.

எட்டாம் வகுப்புக்கு மேல், தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம். கை தவறியது, தெரிந்தே செய்தது, பழிவாங்கச் செய்தது என மூன்று நிகழ்வுகளைக் கரும்பலகையில் எழுதி, எது குற்றம், ஏன் என்று மாணவர்களையே விவாதிக்கச் செய்யுங்கள். அடுத்த ஆண்டு அதே மேசையில் உட்காரப்போகும் தம்பி தங்கைகளின் இழப்பையும் அவர்களே எடுத்துச் சொல்லட்டும்.